சேம்பரில் வந்த ஆரஞ்சுத் துணி

திருப்பூர் மண்ணரையில் ஒரு லைன் வீட்டில் நானும், பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போகும் மகளும் குடியிருந்தோம். இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். வரிசைக்கெல்லாம் சேர்த்து ஒரே கக்கூஸ். முன்னால் இருந்த மாடி வீட்டில் வீட்டுக்காரம்மா. அவருக்கு நாற்காலி மாதிரி தனிக் கக்கூஸ். உட்காரும் இடம் உயர்ந்தால் மனுஷியும் உயர்ந்துவிடுவாள் என்று நினைப்பு.

ஒருநாள் எங்கள் கக்கூஸில் தண்ணீர் இறங்காமல் நின்றுவிட்டது. குச்சி விட்டுக் குத்தினோம், ஆசிட் ஊற்றினோம். அசையவில்லை. வீட்டுக்காரம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"ஏனுங்கம்மா, உங்க புள்ள கம்பெனியில இருந்து வேஸ்ட் துணி கொண்டாறதுங்கல்ல, அதுல தொடச்சு இதுக்குள்ள போட்டுட்டீங்களாட்ட இருக்குதுங்க. ஞாயித்துக்கெழமைக்குள்ள ஊட்டக் காலி பண்ணிருங்க."

துரத்தும்போதும் 'ங்க' குறையவில்லை. மரியாதைக்காரி! ஊர் ஊராக ஜனம் வந்து இறங்கிய காலம் அது. மூட்டை வைக்கக்கூட இடம் கிடைக்காது. வயசுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு நான் எங்கே போவேன்?

பனியன் வெட்டிய மிச்சத் துணி எந்த வீட்டில் இல்லை? திருப்பூரே அதில்தான் கை துடைக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். மாடி வீட்டில் ஃபிளஷ் இழுத்தால், கொஞ்ச நேரத்தில் எங்கள் கக்கூஸில் தண்ணீர் ஏறியது. இரண்டு குழாயும் சேரும் சேம்பர் தொட்டிக்கு அப்பால்தான் அடைப்பு. இதற்குக் காலேஜ் போக வேண்டுமா?

"சேம்பர் மூடியத் தொறக்கச் சொல்லுங்க. எந்துணி வந்தா நானே போயிக்கறனுங்க" என்றேன்.

பிளம்பர் வந்து கொக்கிக் கம்பியை விட்டு இழுத்தான். ஒரு கத்தைத் துணி வந்தது. தண்ணீர் ஊற்றினால் ஆரஞ்சு, நடுவில் பச்சைக் கோடு.

பக்கத்து வீட்டுக்காரி சிரித்தே விட்டாள். "இவிய புள்ள கம்பெனியில இந்த மாசம் பூராம் வெள்ளைதானுங்களே ஓடுது!"

எங்கள் ஊரில் எதிர்வீட்டுக்காரன் பேர் தெரியாமல் இருக்கலாம். எந்தக் கம்பெனியில் என்ன கலர் ஓடுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆரஞ்சு ஓடியது வீட்டுக்காரம்மா மகன் கம்பெனியில். அந்த மூட்டைகள் அவர்கள் மாடிப்படிக்கு அடியிலேயே கிடந்தன.

"காத்துல கீத்துல பறந்து வந்திருக்குமுங்க" என்றார் வீட்டுக்காரம்மா.

"ஆமாங்க. காத்து மூடியத் தொறந்து, துணிய உள்ள போட்டு, மறுக்கா மூடிட்டுப் போயிருக்குதுங்க."

"செரி, நீங்களே இருந்துக்குங்க" என்றார், வரம் கொடுக்கிற மாதிரி.

"இருக்கறது இருக்கட்டுமுங்க. மொதல்ல எங்க கக்கூஸக் கழுவி உடுங்க."

கழுவினார். ஒரு கையில் வாளி, ஒரு கையில் விளக்குமாறு. மூக்கைப் பொத்த அன்றைக்குக் கை மிச்சமில்லை.