அப்பா இடிக்கப் பார்த்த சுவர்

அக்கா நிச்சயதார்த்தத்துக்கு ஐம்பது பேர் உட்கார இடம் வேண்டும் என்று, ஹாலுக்கும் பெட்ரூமுக்கும் நடுவில் இருந்த சுவரை இடிக்க முடிவு செய்தார் அப்பா. எங்களுடையது சுரங்கக் கம்பெனி கொடுத்த தரைத்தள குவார்ட்டர்ஸ். தலைக்கு மேல் இன்னொரு குடும்பம். தூண் எதுவும் கிடையாது. செங்கல் சுவர்கள்தான் மாடியைச் சுமக்கின்றன. நான் சிவில் இன்ஜினியரிங் முடித்தவன். வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

"பூகம்பம் வந்தா மாடி மொத்தமும் நம்ம மேலதான்ப்பா எறங்கும்."

"மைன்ஸ்ல டெய்லி வெடி வெக்கிறான். டம்ளர்லாம் ஆடுது. முப்பது வருசமா வூடு நிக்குதா இல்லியா?"

இந்த ஊருக்கே இந்த வியாதி உண்டு. போன வருஷம் லேசாக நிலம் ஆடியபோது எங்கள் தெருவில் ஒருத்தர்கூட வெளியே வரவில்லை. 'இன்னிக்கு வெடி லேட்டு' என்று சொல்லி டீ குடித்தார்கள்.

வெடி ஒரு நொடி குத்திவிட்டுப் போய்விடும். பலமான நிலநடுக்கம் அப்படி விடாது; வீட்டின் அடியைப் பிடித்து இடமும் வலமுமாக இழுத்துக்கொண்டே இருக்கும். செங்கல் சுமையைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. மற்ற சுவர்களைச் சாயாமல் பிடித்து நிறுத்த இருப்பதே இந்த நடுச் சுவர்தான் என்றேன்.

"வேல கெடைக்காதவன்லாம் எனக்குப் பாடம் எடுக்க வேணாம்," என்றவர், மேஸ்திரியை ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார்.

எனக்கு மண்டை காய்ந்தது. நேராக மாடிக்குப் போய் அந்த வீட்டு அங்கிளிடம் போட்டுக் கொடுத்தேன். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தார்.

"யோவ், எம் புள்ளைங்க மேல தூங்கிகினு இருக்கும், நீ கீழ சொவுத்த இடிப்பியா?"

"நீ பால்கனில ஆயிரம் லிட்டர் தொட்டி வெச்சிகினு எனக்குப் புத்தி சொல்ல வந்துட்ட!" அப்பா எகிறினார்.

"அதுவும் தப்புதான். மேல வெயிட்டு ஏறுனா ஆட்டமும் ஏறும்," என்றேன்.

இரண்டு பேரும் சேர்ந்து என் பக்கம் திரும்பினார்கள். "நீ மூடுறா!"

ஆபீசில் புகார் எழுதிக் கொடுப்பதாக அங்கிள் மிரட்டினார். குவார்ட்டர்ஸ் போய்விடுமோ என்று பயந்து, அன்று சாயந்திரமே மேஸ்திரியை வர வேண்டாம் என்றார் அப்பா. பூகம்பத்துக்கு அசராத மனுஷன் ஒரு தாளுக்கு அடங்கினார்.

நிச்சயத்தன்று பாதிச் சொந்தங்கள் ரோட்டில் ஷாமியானாவுக்கு அடியில் வேர்த்து வழிந்தார்கள். அப்பா ஒவ்வொருவரிடமும் என்னைக் கைகாட்டினார்.

"கொஞ்சம் வெந்துகினே சாப்புடுங்க. எம் புள்ள இன்ஜினியரு."