ஏணி மேல் ஒரு கம்பெனி

ஏணியின் உச்சிப்படியில் நின்றுகொண்டு முதலாளி தன் மேனேஜரை வேலையை விட்டு நீக்கினார். கீழே பழம் பறித்துக்கொண்டிருந்த மேனேஜர் கொட்டாவி விட்டதுதான் குற்றம்.

"மீட்டிங் நடக்கும்போது கொட்டாவியா? உன் சீட்டு கிழிஞ்சுதுண்ணே!" என்று கையை வீசினார். வீசிய கையிலிருந்த ஆப்பிள் மேனேஜரின் முதுகில் விழுந்தது. அடிபட்ட பழத்தைத் தோட்டத்தில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

"கம்பெனிக்கு மொத நஷ்டம் உன் கைதான்டா மொதலாளி. வாயால பேசு, கையால பறி" என்றார் மேனேஜர்.

இது நேற்று மதியத்துக்குள் நடந்த மூன்றாவது நீக்கம். டீ நேரத்தில் மறுபடி சேர்த்துக்கொண்டார். மேனேஜர் ஆற்றிக் கொடுத்தால்தான் முதலாளிக்கு டீ இறங்கும்.

உண்மையில் இருவரும் அந்நிய தேசத்தில் ஆப்பிள் பறிக்க வந்த கூலிகள். மரத்துக்கு இருவர்: உயரமானவர் ஏணியில், குட்டையானவர் தரையில். பறித்தது ஒரே பெட்டியில் சேரும், ஜோடியின் கணக்காக. முதலாளி ஒட்டடைக் குச்சி போல உயரம். குளிர்சாதனத் தொழிலில் டிப்ளமோ வாங்கியவர். வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். ஊருக்குத் திரும்பி, காய்கறி அழுகாமல் வைக்க ஒரு குளிர்பதனக் கிடங்கு கட்ட வேண்டும் என்பது திட்டம். இன்னும் கட்டாத அந்தக் கம்பெனிக்குத்தான் இவர் முதலாளி, அவர் மேனேஜர். "தக்காளி அழுகறதுக்கு முன்னாடி என் டிப்ளமோ அழுகிப்போச்சு" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

கிடங்கின் வரைபடம் தினமும் குளியலறைக் கண்ணாடியில் உருவாகும். வெந்நீர் ஆவி படிந்ததும் விரலால் சுவர், கதவு, மின்விசிறி, கம்ப்ரசர் எல்லாம் போடுவார். வெளியே துண்டோடு நிற்பவர்கள் கதவைத் தட்டுவார்கள். "கம்பெனி கட்டினது போதும், குளிச்சிட்டு வெளிய வாய்யா!" அதற்குள் சுவர்கள் சொட்டுச் சொட்டாக வழிந்துவிடும். "அஸ்திவாரம் சரியில்ல" என்று சொல்லிக்கொண்டே தலை துவட்டுவார்.

தகரப் பெட்டி போன்ற அறையில் மேல்கட்டில் அவருடையது. கால்கள் கட்டிலைத் தாண்டி நடைபாதையில் நீட்டிக்கொண்டிருக்கும். போகிறவர்கள் முட்டிக்கொள்ளாமல் இருக்கப் பாதத்தில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு தூங்குவார். லாரியில் நீண்ட கம்பி ஏற்றினால் கட்டுவார்களே, அதைப் பார்த்துக் கற்றது.

போன பருவத்தில், ஏணியில் நிற்கும்போதுதான் அப்பா இறந்த செய்தி போனில் வந்தது. நடுவில் ஊருக்குப் போனால் திரும்பி வர முடியாது. 'சரி' என்று மட்டும் சொல்லி போனைப் பைக்குள் வைத்தார். அடுத்த பழத்துக்குக் கை நீட்டினார். விரல்கள் மடங்கவில்லை. நாற்காலி மேல் நின்றாலே தலைசுற்றுகிற மேனேஜர் அவரைக் கீழே இறக்கி நிழலில் உட்கார வைத்தார். பிறகு தானே ஏணியில் ஏறினார். கிளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சாயங்காலம்வரை மேலும் கீழும் அவரே பறித்தார். பெட்டி குறையவில்லை.

முதலாளி இதை எப்போதாவதுதான் பேசுவார். "அன்னிக்கு ஒருத்தர் செத்தாரு, இன்னொருத்தர் சாகப் பாத்தாரு." சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்.

இந்த வருடம் ஆப்பிளுக்கு விலை இல்லை. பக்கத்துத் தோட்டங்களில் பறிகூலிக்குக் கட்டாது என்று பழத்தை மரத்திலேயே விட்டுவிட்டார்கள். நேற்று சாயங்காலம் மேஸ்திரி அறை வாசலில் வந்து நின்றார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"நாளையிலேருந்து ஜோடிக்கு ஒருத்தர்தான். இன்னொருத்தர் காலைல வேன்ல ஏறணும். யாருன்னு நீங்களே பேசிக்குங்க."

மேனேஜருக்கு ஊரில் நிலம் போய்விட்டது. மூத்த மகள் நர்ஸ் படிப்பின் கடைசி வருடத்தில் இருக்கிறாள். முதலாளியோ ஊரில் ஒரு பழைய கம்ப்ரசரைப் பேசி வைத்திருக்கிறார். பருவம் முடிந்ததும் பணம் கொடுத்து எடுத்துக்கொள்வதாக வாக்கு. தவறினால் அது பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும்.

இருவரும் தட்டுக் கழுவும் இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள்.

"நீ இருடா. மேல் கிளை எனக்கு எட்டாது" என்றார் மேனேஜர்.

"போன வருஷம் எட்டுச்சே?"

"அன்னிக்கு நான் கண்ணையே தொறக்கல."

"இனிமேலும் மூடிக்க. யாரு வேணாம்னா?"

"கம்ப்ரசர்?"

"அது என்னைவிடப் பழசுண்ணே. ரெண்டு பேரும் ஒண்ணா நின்னா, எதைத் தூக்கறதுன்னு இரும்புக்கடைக்காரன் கொழம்பிடுவான்."

மேனேஜர் சிரிக்கவில்லை. "வெளையாடாத. உன்னை வெறுங்கையோட அனுப்பிட்டு உங்கம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்றது? தினம் மூணு தடவ என்னை டிஸ்மிஸ் பண்றல்ல? நாளைக்கு ஒரு தடவ நெசமா போறேன். அவ்வளவுதான்."

முதலாளி எப்போதோ சுத்தமாகிவிட்ட தட்டைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

இன்று காலை மேனேஜர் சட்டையைக் கழுத்துவரை பட்டன் போட்டு, துணிப்பெட்டியோடு வேன் அருகே போய் நின்றுகொண்டார். மற்ற ஜோடிகளும் ஆளுக்கொரு பக்கமாகப் பார்த்தபடி நின்றன. மேஸ்திரி ஒவ்வொரு ஜோடியின் முன்னாலும் பழம் பறிக்கும் பை ஒன்றைப் போட்டுக்கொண்டே போனார். நெஞ்சில் தொங்கவிட்டு முதுகில் வார் இழுத்துக் கட்டுகிற பை. வழக்கமாக ஜோடிக்கு இரண்டு. இன்று ஒன்று.

இவர்கள் முன்னால் விழுந்தது முதலாளியின் பை. வார்கள் நீளமாகத் தரையில் கிடந்தன. மேனேஜர் அதைக் காலால் அவர் பக்கம் தள்ளினார்.

"போட்டுக்கடா. நேரமாவுது."

வேன்காரர் ஹாரன் அடித்தார். முதலாளி குனிந்து பையை எடுத்தார். தூசி தட்டினார். மேனேஜரின் கையிலிருந்த பெட்டியை வாங்கிக் கீழே வைத்தார். பையை அவர் கழுத்தில் மாட்டி, தோளைப் பிடித்து அந்தப் பக்கம் திருப்பி நிறுத்தினார். பிறகு முதுகுப்புறம் நின்று, பையின் வாய் அந்தக் குட்டை மனிதரின் நெஞ்சுக்கு நேராக வரும்வரை, வாரை இழுத்து இழுத்துச் சுருக்கினார்.