மாடியில் கட்டிய பாத்தி

அமிர்தலிங்கத்தின் கல்யாணப் போட்டோவில் மாப்பிள்ளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார். பக்தி என்று உறவுக்காரர்கள் நினைத்தார்கள். அவர் பார்த்தது மண்டபத்து உத்தரத்தை. நடுவில் லேசாகத் தொய்ந்திருந்தது. அது விழுவதற்குள் முடித்துவிட வேண்டுமே என்ற அவசரத்தில்தான் தாலியே கட்டினார்.

பிறகு ஆயுள் முழுக்கக் கட்டமைப்புப் பொறியாளர் உத்தியோகம். தண்ணீர்த் தொட்டி, வாய்க்கால் பாலம், அரிசி ஆலை என்று தஞ்சாவூர் வட்டாரத்தில் அவர் கணக்குப் போட்டுக் கொடுத்த எதுவும் இதுவரை விழவில்லை. அதில் அவருக்குச் சந்தோஷமும் இல்லை. 'இதுவரை' என்பதுதான் உறுத்தல். மணலைச் சந்தேகப்பட்டார், கம்பியைச் சந்தேகப்பட்டார், இரண்டும் நன்றாக இருந்துவிட்டால் ஏன் நன்றாக இருக்கிறது என்று சந்தேகப்பட்டார். விருந்துக்கு இரண்டு பேர் வருவதாகச் சொன்னால் மூன்று பேருக்கு உலை வைக்கச் சொல்வார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். சந்தேகம் ஓய்வு பெறவில்லை.

அந்த நேரம் பார்த்து மகள் குந்தவை பாபநாசத்தில் வீடு கட்ட ஆரம்பித்தாள். அவள் மாமனார் ரெத்தினம் தம் வயலின் மேட்டு மூலையைக் கொடுத்திருந்தார். முதல் மேஸ்திரி, அமிர்தலிங்கம் கம்பிக்குக் கம்பி டேப் பிடித்ததில் ஓடிப்போனார். அடுத்தவர், அமிர்தலிங்கம் மணலை நாக்கில் வைத்து உப்புப் பார்த்ததும் கும்பிடு போட்டுவிட்டுப் போனார். மூன்றாவதாக வந்தவர் கலந்தர் மேஸ்திரி.

"இவரும் போனாருன்னா வீடு பாதியில நின்னுடும்ப்பா. அப்புறம் நீங்க கிரகப்பிரவேசத்துக்குக்கூட வர வேணாம்," என்றாள் குந்தவை. அவள் சொன்னால் சொன்னதுதான். அதை மட்டும் அவர் சந்தேகப்பட்டதில்லை.

மேல்தளம் போட்டாயிற்று. சித்திரை வெயிலில் கான்கிரீட் வெடிக்காமலிருக்க, கலந்தர் தளத்தின் மேல் சிமெண்டு வரப்பு பிடித்து, பாத்தி பாத்தியாகக் கட்டித் தண்ணீர் நிரப்பினார். கீழேயிருந்து பார்த்தால் வயல் மாடியேறியது போலிருந்தது.

மறுநாள் காலை அமிர்தலிங்கம் ஏணியில் ஏறிப் பார்த்தார். பாத்தி காய்ந்து கிடந்தது. இறங்கி வந்து தளத்துக்கு அடியில் முட்டுக் கொடுத்திருந்த பலகைகளைத் தடவினார். ஈரமில்லை. ஆக, ஒழுகவில்லை. ஒழுகாத தண்ணீர் காணாமல் போனால், அது ஊற்றாத தண்ணீர்.

"மேஸ்திரி, நேத்து சாயந்திரம் தண்ணி விட்டீங்களா?"

"விரக்கடை உயரம் நிக்க விட்டேன் சார்."

"நின்னது எங்க போச்சு? காவேரியில கலந்துடுச்சா?"

கலந்தர் கரணையைக் கீழே வைத்தார். "இன்னிக்கும் விடுறேன். நாளைக்கும் இப்படிக் கேட்டீங்கன்னா, வேற ஆளப் பாத்துக்குங்க."

அன்று சாயங்காலம் அமிர்தலிங்கம் முன்னிலையிலேயே தண்ணீர் நிரம்பியது. மறுநாள் விடியும்போதே அவர் வந்து செங்கல் அடுக்குக்குப் பின்னால் பதுங்கினார். ஒரு பொறியாளருக்கு இது அழகா என்று செங்கல் கேட்கவில்லை.

மண்வெட்டியும் தோளுமாக ஒருவர் ஏணியில் ஏறினார். சம்பந்தி ரெத்தினம்! நிதானமாக வரப்புகளைக் கொத்தித் திறந்துவிட்டார். தண்ணீர் தளத்து வடிகுழாய் வழியே சலசலத்து வயலில் இறங்கியது.

அமிர்தலிங்கம் மேலே ஓடினார். "என்ன சம்பந்தி பண்றீங்க?"

"வாங்க சம்பந்தி. நேத்தும் நான்தான் வடிச்சிட்டு வரப்ப அடைச்சு வச்சேன். அந்த மேஸ்திரிக்கு விவரம் பத்தாதுங்க. தண்ணிய நிறுத்தினா நின்னபடியே விட்டுர்றாரு. பயிருக்கு மாதிரி காய்ச்சலும் பாய்ச்சலுமா இருக்க வேணாமா? வேரு அழுகிடாது?"

"கான்கிரீட்டுக்கு ஏதுங்க வேரு?"

"உள்ள கம்பி போட்டிருக்கீங்கள்ல? அது துருப்பிடிக்காதா?"

விளக்கம் சொல்ல அவர் வாயைத் திறப்பதற்குள் கீழே சைக்கிள் நின்றது. கலந்தர். கரணை, மட்டப்பலகை எல்லாம் கட்டி கேரியரில் வைத்திருந்தார்.

"சார்! இன்னிக்கும் காஞ்சுதான் கிடக்கா?"

உண்மையைச் சொன்னால் மேஸ்திரி தங்குவார். ஆனால் சம்பந்தியின் பெயர் பாபநாசம் டீக்கடைகளில் ஒரு வருஷம் ஓடும், மகள் அந்த வீட்டில்தான் வாழ வேண்டும். சொல்லாவிட்டால் மேஸ்திரி போய்விடுவார். சரிபார்க்காத எதற்கும் கையெழுத்திடாத அமிர்தலிங்கம், ரெத்தினத்தின் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கிக்கொண்டு ஓரத்துக்கு வந்தார்.

"நான்தான் மேஸ்திரி வெட்டிவிட்டேன். ரெண்டு நாளும். ஒரு சோதனை."

கலந்தர் அவரையும் மண்வெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "வரப்பு வெட்டுற சோதனையா? எந்தக் காலேஜுல சார் சொல்லிக் குடுத்தாங்க?" என்று சிரித்தார். சிரித்த வேகத்தில் கேரியரிலிருந்த மூட்டையை அவிழ்த்துவிட்டு, குந்தவைக்குப் போன் போட்டார். "அம்மா, உங்க அப்பாவ இனிமே ஏணியில ஏத்தாதீங்க."

குந்தவை ஏற்றவில்லை. தண்ணீருக்குக் காவலாக மாமனாரையே போட்டாள். ஒரு மனுஷன் செய்யாத தப்பை ஏன் தலையில் போட்டுக்கொள்கிறார் என்று ரெத்தினத்துக்கு அன்றெல்லாம் குடைச்சல். இதில் ஏதோ உள்நோக்கம் இருக்கிறது. தன்னை மறுபடி வெட்ட வைத்துப் பிடிக்கச் சம்பந்தி போட்ட தூண்டிலோ என்னவோ. அவர் மண்வெட்டியைத் தொடவே இல்லை.

மறுநாள் அமிர்தலிங்கம் கீழேயிருந்து கத்தினார்: "தண்ணி நிக்குதுங்களா சம்பந்தி?"

மேலேயிருந்து தலை மட்டும் எட்டிப் பார்த்தது.

"நிக்குது. நீங்க எதுக்குங்க கேக்குறீங்க?"