பந்தலுக்கு வராத விருந்தாளி

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பந்தலுக்குப் போயிருந்தேன். கல்யாணப் பந்தல் இல்லை... இங்கே ஜெர்மனியின் லைப்சிக் நகரில், யூதர்களின் கூடாரப் பண்டிகைக்காக, அவர்களுடைய சமய வகுப்புப் பிள்ளைகள் கட்டிய பந்தல்!

கூப்பிட்டது எதிர் ஃப்ளாட் இரினா. உக்ரைனிலிருந்து வந்தவள். அந்த வகுப்புக்கு அவள்தான் டீச்சர். "சமைத்தது வேண்டாம், பழம் போதும்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள். அவர்களுக்குச் சாப்பாட்டில் நிறைய விதிகள் உண்டு. என் எலுமிச்சைச் சாதத்துக்குக் கொடுத்துவைக்கவில்லை!

அவர்களுடைய ஜெப ஆலயத்தின் கேட்டில் ஓர் இளம் போலீஸ்காரர் பாஸ்போர்ட்டைப் பார்த்தார். ஆப்பிள் பையைக்கூடத் திறந்து பார்த்தார். காரில் கொண்டுவந்து விட்ட என் கணவர் — ஜெர்மனி ஒரு காலத்தில் ஐ.டி. ஆட்களுக்குக் கொடுத்த கிரீன் கார்டில் வந்தவர் — "சாமி கும்பிடுற இடத்துக்கு எதுக்கு இவ்ளோ செக்யூரிட்டி?" என்றார்.

எதற்கா? யூதர்களைத் தாக்க இன்றைக்கும் ஆட்கள் இருக்கிறார்களே... அதுவும் இந்த நாட்டில்! நினைக்கவே வெட்கமாக இருந்தது.

முற்றத்தில் பலகைச் சுவர், மேலே இலை தழை. வானம் தெரிகிற மாதிரிதான் வேய வேண்டுமாம். மழை தாராளமாக உள்ளே வந்தது.

"பந்தல் போட்டால் விருந்தாளி வேண்டும். யாரைக் கூப்பிடலாம்? ஏன்?" என்று இரினா கேட்டாள். அங்கே பண்டிகைதான் பாடம்.

ஒருவன் உக்ரைனில், ஒடெசாவில் இருக்கும் மாமாவைச் சொன்னான். ஒருத்தி தன் நாய்க்குட்டியைச் சொன்னாள். இரினாவின் மகள் லேனா, எட்டு வயது, எழுந்து நின்றாள்.

"வெளியே நிக்கிற போலீஸ்காரர். நாம உள்ளே சாப்பிடுறோம், அவர் நமக்காக நனையுறார். இது நியாயமா?"

அவ்வளவுதான், வகுப்பே இரண்டுபட்டது.

"அவர் உள்ளே வந்தா கேட்டை யார் பார்த்துக்கிறது?"

"பூட்டிடலாமே!"

"கேட்டைப் பூட்டிட்டு விருந்தாளியை எப்படிக் கூப்பிடுறது?"

கடைசியில், கூப்பிட்டே தீருவது என்று முடிவானது. லேனா ஓர் ஆப்பிளோடு ஓடினாள். பின்னாலேயே நான், குடையோடு.

அவர் குனிந்து பொறுமையாகக் கேட்டார். "டியூட்டியில இருக்கேனே, வர முடியாதும்மா."

"அடுத்த வருஷம்?"

"நான் இங்கே நிக்கத் தேவையில்லாத வருஷம்... கண்டிப்பா வர்றேன்." ஆப்பிளை வாங்கிக் கோட் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார்.

திரும்பும்போது லேனா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆன்ட்டி" — நான் பழக்கிய வார்த்தை — "அந்த வருஷம், அடுத்த வருஷம்தானே?"

பந்தலை ஒரு வாரத்தில் பிரித்துவிடுவார்கள். அந்தக் காவலை? எட்டு வயதுக் குழந்தையிடம் என்னவென்று சொல்ல?

"ஆமாம் கண்ணு, அடுத்த வருஷம்தான்" என்றேன்.

நியாயம் பேசுகிற வகுப்பு அது. அங்கே போய்ப் பொய் சொன்னது நான் ஒருத்திதான்.