மோதாமல் விட்ட மூன்று இறுதிப்போட்டிகள்

இல்லை, பேத்தி என் ஜாடைதான். அதில் சந்தேகமே வேண்டாம். பிறந்து பத்து நாள்தான் ஆகிறது; அதற்குள் என் விரலைப் பிடித்தால் விடுவதில்லை. ஆனால் இங்கே பிரேசிலில், மனாவுஸ் நகரத்தில், எங்கள் தெருவே வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "அப்படியே கிளாவ்பர் தாடை!" என்கிறது. கிளாவ்பர் குழந்தையின் சித்தப்பா. பெற்றவன் என் மூத்த மகன் எட்னெல்சன். யாராவது அப்படிச் சொல்லும்போதெல்லாம் அவன் முகம் சுருங்கிப்போகிறது.

அந்தச் சுருக்கம் பழசு.

நான் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன். வேலை முடிந்து ஜியு-ஜிட்சு மல்யுத்தம் கற்றுக்கொண்டேன். பிறகு தகரக் கூரைக்குக் கீழே பாய் விரித்துச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். பையன்கள் இரண்டு பேரும் அந்தப் பாயிலேயே உருண்டு வளர்ந்தார்கள். வளர்ந்த பிறகு போட்டியில் இரண்டு பேரும் ஒரே எடைப் பிரிவு. எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரே பயிற்சிப் பள்ளிக்காரர்கள் இரண்டு பேர் இறுதிப்போட்டிக்கு வந்துவிட்டால் மோத மாட்டார்கள். யாருக்குத் தங்கம் என்று ஆசான் சொல்வார், மற்றவன் விட்டுக்கொடுப்பான். மூன்று வருடம் மாநிலப் போட்டியில் என் பையன்கள் அப்படி எதிரெதிரே வந்து நின்றார்கள். மூன்று தடவையும் நான் "சின்னவனுக்கு" என்றேன். அவனை வெளிநாட்டுக்கு அழைத்துப்போக ஆள் வந்திருந்தது. பெரியவன் தம்பியைக் கட்டிப்பிடித்து, அவன் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, வெள்ளியை வாங்கிக்கொண்டான்.

கிளாவ்பர் அபுதாபி போனான், பேர் வாங்கினான். எட்னெல்சன் இங்கேயே மீன் சந்தை ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். புதிதாகச் சேர வருகிறவர்கள், "சாம்பியனோட பள்ளி இதுதானே?" என்பார்கள்.

"சாம்பியனோட அண்ணன்தான் நான். பெல்ட்டக் கட்டு."

தம்பியின் ஒவ்வொரு போட்டியையும் போனில் பார்ப்பான். ஜெயித்தால் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவான். தோற்றால் அன்றைக்கு முழுக்க, "நானா இருந்தா அவன் கால விட்டிருப்பேனா?" என்று பொருமுவான்.

நேற்று கிளாவ்பர் குழந்தையைப் பார்க்க வந்தான். எட்னெல்சன் அரை மணி நேரமாக ஆட்டியும் அழுகையை நிறுத்தாத குழந்தை, சித்தப்பன் தோளில் போட்டதும் தூங்கிவிட்டது.

"புள்ளயக் குடு."

"தூங்குது அண்ணே."

"அதுவும் உனக்குத்தானா? அப்பாகிட்ட குடுத்துட்டுப் பாய்க்கு வா. மூணு ஃபைனல் பாக்கி இருக்கு."

"சாப்பிடற நேரத்துலயா? மீன் ஆறிப்போகுது," என்றாள் மருமகள் சுயெலென்.

"பத்து நிமிஷம்."

கிளாவ்பர் என்னைப் பார்த்தான்.

"அவர என்ன பாக்குற? இந்தத் தடவ அவர் வாயத் தெறக்கக் கூடாது," என்றான் பெரியவன்.

நான் பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தேன். முதல் ஐந்து நிமிடம் பெரியவன்தான் மேலே. நடுவில் சின்னவன் பிடியைக் கொஞ்சம் தளர்த்தினான்.

"விட்டுக்குடுத்தே, கொன்னுடுவேன்!"

அதன் பிறகு சின்னவன் தயவு பார்க்கவில்லை. கீழேயிருந்தே காலை நுழைத்து அண்ணனைப் புரட்டினான், சட்டைக் காலரைப் பிடித்துக் கழுத்தை இறுக்கினான். எட்னெல்சன் முகம் ரத்தமாகச் சிவந்தது. முடிந்தவரை தாங்கினான். பிறகு தம்பியின் தோளில் தட்டினான். எங்களிடம் தட்டினால் தோல்வி என்று அர்த்தம்.

அந்த மூன்று தடவையும் நான் சொன்னது சரிதான் என்று நான் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் சாப்பிட உட்கார்ந்ததும் மீனைப் பாதியிலேயே தள்ளி வைத்தேன். எட்னெல்சன் மட்டும் முள்ளைத் தவிர எதையும் மிச்சம் வைக்கவில்லை.

இன்று காலையில் கிளாவ்பர் காபிக்கு வந்து உட்கார்ந்தான். எட்னெல்சன் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே, நிமிராமல் சொன்னான்:

"அந்தக் காலர் பிடிய எனக்குக் காட்டிக்குடு. இப்ப வேணாம், சாயங்காலம். இப்ப உன் மூஞ்சியப் பாத்தாலே பத்திக்கிட்டு வருது."