ஊருக்கு எடுத்துப்போக முடியாத துப்பாக்கி

ரவுண்ட் ராக்கில் நாங்கள் போகும் கோயில் வாசலில் இரண்டு பலகைகள் உண்டு. ஒன்று, செருப்பைக் கழற்றி விடவும் என்கிறது. இன்னொன்று, கைத்துப்பாக்கியோடு உள்ளே வரக்கூடாது என்கிறது. செருப்பு வைக்க அலமாரி இருக்கிறது, துப்பாக்கி வைக்க ஒன்றும் இல்லை. டெக்சஸுக்கு வந்த புதிதில் அந்தப் பலகையைப் போட்டோ எடுத்து ஊரில் எல்லோருக்கும் அனுப்பிச் சிரித்தேன். பிறகு அது கண்ணிலேயே படாமல் போனது. போன மார்கழியில்தான் மறுபடி நின்று படித்தேன், ஏனென்றால் என் வீட்டுக்காரர் செந்தில் துப்பாக்கி வாங்குவதென்று முடிவு செய்திருந்தார்.

எல்லாவற்றுக்கும் காரணம் கொள்ளுப்பொடி. கோயம்புத்தூரிலிருந்து என் மாமியார் அனுப்பிய பார்சலை வாசலிலிருந்து எவனோ தூக்கிக்கொண்டு போய்விட்டான். தேடிக்கொண்டு போனால் தெருமுனைப் புல்வெளியில் கிடக்கிறது. பிரித்து, ஒரு வாய் போட்டுப் பார்த்துவிட்டு, மீதியைக் கொட்டிவிட்டுப் போயிருக்கிறான். திருடியதைக்கூட செந்தில் மன்னித்திருப்பார். பிடிக்காமல் கொட்டியதை அவரால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

"இன்னிக்கு வாசல் வரைக்கும் வந்தவன் நாளைக்கு வீட்டுக்குள்ள வரமாட்டான்னு என்ன கேரண்டி?" என்றார்.

"வெறும் கொள்ளுப்பொடிய அள்ளித் தின்னவன் இந்நேரம் தண்ணி தேடிட்டு இருப்பானுங்க. அவன எதுக்குச் சுடணும்?"

கேலியாகச் சொன்னேனே தவிர, எனக்குப் பயம்தான். எங்கள் பெண் நிலாவுக்குப் பத்து வயது. தீபாவளிக்கு ஒளித்து வைக்கும் முறுக்கு டப்பாவை அரைமணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவாள். அவள் இருக்கும் வீட்டுக்குள் துப்பாக்கி வரவே கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். இந்தச் சமயத்தில் பார்த்து, இரண்டு வீடு தள்ளியிருக்கும் ஹேங்க், ஓய்வுபெற்ற பள்ளிப் பேருந்து ஓட்டுநர், மகளோடு இருக்க வேறு மாநிலம் கிளம்பினார். தன் பழைய கைத்துப்பாக்கியை விற்கப் போவதாகச் செந்திலிடம் சொல்லியிருக்கிறார்.

செந்தில் எனக்கொரு ஒப்பந்தம் போட்டார். நான் கம்ப்யூட்டர் கம்பெனியில் தேய்மானம் பார்ப்பவள். மடிக்கணினியின் கீலை ஓர் இயந்திரம் திறந்து திறந்து மூடும், எப்போது உடையும் என்று நான் சொல்ல வேண்டும். "நீயே வந்து டெஸ்ட் பண்ணு. ஃபெயில்னு சொன்னீன்னா இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்" என்றார். என்னிடம் தேறாமல் போன பொருட்கள் ஏராளம். வாயெல்லாம் பல்லாகக் கிளம்பிப் போனேன்.

ஹேங்க் சாப்பாட்டு மேஜையில் துண்டு விரித்து வைத்திருந்தார். ஐஸ் டீ கொடுத்தார். முதலில் குண்டு அடைக்கும் பகுதியைக் கழற்றி எடுத்து, மேல்பாகத்தைப் பின்னால் இழுத்து, உள்ளே எதுவும் இல்லை என்று எங்கள் இருவருக்கும் காட்டினார். செந்தில் பழைய கார் பார்க்கப் போன ஆள் மாதிரி ஒருமுறை மேஜையைச் சுற்றி வந்தார். "பாடி நல்லா இருக்குது" என்று என் காதில் சொன்னார்.

"எவ்வளவு ஓடியிருக்கிறது?" என்று ஹேங்கிடம் ஆங்கிலத்தில் கேட்டேவிட்டார்.

ஹேங்க் கொஞ்சம் யோசித்து, "சர்ச்சுக்கும் கடைக்கும் போய் வந்திருக்கிறது" என்றார்.

அது உண்மை என்று பொருளைப் பார்த்ததும் தெரிந்தது. உறையில் உரசி உரசி வெளிப்பூச்சு முனையில் போயிருந்தது, ஆனால் அது வெறும் மேல்தோல்தான். டார்ச் அடித்துக் குழலுக்குள் பார்த்தேன். உள்ளே திருகுபோல் ஓடும் வரிகள் கூராக இருந்தன, துரு இல்லை. ஸ்பிரிங் விறைப்பாக இருந்தது. பின்னால் இழுத்துவிட்டால் மேல்பாகம் தயங்காமல் ஓடிப்போய் உட்கார்ந்தது. விரிசலுக்காக ஒவ்வொரு மூலையையும் நகத்தால் தடவினேன். கடைசி நம்பிக்கையாகக் குழலைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். தேய்ந்த பொருள் என்றால் ஆட்டம் கண்டிருக்கும். இது இம்மியும் அசையவில்லை. எனக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

"உங்கள் பெண் இதைத் தன் பிள்ளைகளுக்குக் கொடுப்பாள், மேம்" என்றார் ஹேங்க், அன்பாகத்தான்.

பொய் சொல்லியிருக்கலாம். ஸ்பிரிங் சரியில்லை என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் தேறிய பொருளைத் தேறவில்லை என்று சொல்ல என் நாக்கு புரளவில்லை. "பாஸுங்க" என்றேன். நிலாவின் முகம் கண்முன் வந்து நின்றது.

செந்தில் முகம் மலர்ந்து கையை நீட்டினார். நீட்டியவர், பாதியில் நிறுத்தி, ஹேங்கைப் பார்த்துக் கேட்டார்: "இதை இந்தியாவுக்கு எடுத்துப்போக முடியுமா?"

இங்கே இருக்கிற நம்மவர்களுக்கு இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று விளக்க வேண்டியதில்லை. ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். நாங்கள் இந்த நாட்டில் வாங்கிய முதல் பொருள் ஒரு ரைஸ் குக்கர். கடையில் அதைக் கவிழ்த்துப்போட்டு, 220 வோல்ட்டில் ஓடுமா என்று அடிப்பக்கத்தைப் படித்தார் செந்தில். அன்றிலிருந்து டிவி, தையல் மெஷின், நிலாவின் கீபோர்டு எல்லாமே அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லித்தான் வீட்டுக்குள் வந்தன. சோபாகூட வாங்கவில்லை, கப்பலில் அனுப்பும் செலவை நினைத்து மூங்கில் நாற்காலியே போதும் என்று விட்டோம். "இன்னும் ரெண்டு வருஷம்" என்று சொல்லிச் சொல்லியே பதினாறு வருஷம் ஓடிவிட்டது. போன வருஷம் கிரீன் கார்டும் வந்துவிட்டது.

"ஏன், அங்கே வேலை செய்யாதா?" என்றார் ஹேங்க்.

"வோல்டேஜ் பிரச்சினை இல்லை..." என்று ஆரம்பித்துச் செந்தில் குழம்பினார்.

ஹேங்க் துப்பாக்கியைத் திருப்பிப் பார்த்தார். "இதற்கு பிளக் கிடையாதே" என்றார். பிறகு, "சரி, இங்கே எவ்வளவு நாள் இருக்கப் போகிறீர்கள்?" என்று கேட்டார்.

இருவரும் டம்ளரைக் கையில் எடுத்தோம். ஐஸ் டீயைக் குடித்து முடித்தோம். "திங்க் பண்ணிச் சொல்றோம்" என்று செந்தில் எழுந்துவிட்டார். தெருவில் நடக்கும்போது, "இத ஊருக்குக் கொண்டுபோக விடமாட்டாங்க. வாங்கிட்டா அப்புறம் போறதுங்கறதே இல்லீன்னு ஆயிரும்" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். துப்பாக்கி வராது என்ற நிம்மதி பெரிதாக இருந்தது. அவர் சொன்னதைக் கேட்ட பயமும் அதே அளவுக்கு இருந்தது.

துப்பாக்கியை ஹேங்கின் மைத்துனர் எடுத்துக்கொண்டார். ஊரைவிட்டுக் கிளம்பும் அன்று அதன் காலிப் பெட்டியை எங்களிடம் கொடுத்துவிட்டுப் போனார் ஹேங்க். நல்ல பெட்டியை வேண்டாம் என்று சொல்லும் வழக்கம் நம் குடும்பங்களில் ஏது? பூட்டு இருக்கிறது, உள்ளே கெட்டியான ஸ்பாஞ்சில் துப்பாக்கியின் உருவத்துக்கே பள்ளம் வெட்டியிருக்கிறது. கோயம்புத்தூர் பீளமேட்டில் பூட்டிக் கிடக்கும் எங்கள் ஃப்ளாட்டின் சாவிக்கொத்தைச் செந்தில் அந்தப் பள்ளத்தில் வைத்தார்.

"அப்பா, இட் டசன்ட் ஃபிட்" என்றாள் நிலா.

அவள் சொன்னது சரிதான். பெட்டியை எடுக்கும்போதெல்லாம் சாவி உள்ளே இங்குமங்கும் ஓடி இடிக்கிற சத்தம் கேட்கிறது. அன்றைக்கு அந்த மேஜையில் நான் தேடித் தேடிக் கிடைக்காத ஆட்டம் இதுதான்.