சத்தம் போடாத மோட்டர்

பிள்ளைகளே, நமுனுகுல தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டில் என் மனைவி உடுப்புத் தைத்துக் கொடுக்கிறார். தையல் மெஷினின் பழைய மோட்டர் எரிந்துபோனதால், பதுளையில் புதிய சர்வோ மோட்டர் வாங்கி நானே பூட்டினேன். பழையது சுவிட்சைப் போட்டதுமே உறுமும். புதியது மிதியை மிதிக்கும்வரை மூச்சே விடாது.

அதன் சின்னப் பெட்டியில் இலக்கங்கள் மின்னின. ஒன்றும் விளங்காமல் மேல் அம்புப் பொத்தானை அழுத்திக்கொண்டே போனேன். அது வேகத்தைக் கூட்டும் பொத்தான் என்று எனக்குத் தெரியாது. சத்தம் இல்லாததால், மெஷினுக்குக் கரண்ட் இல்லை என்று நினைத்து மகள் தர்ஷினி ஊசியில் நூல் கோக்க உட்கார்ந்தாள். நூலைக் கோத்து முடித்ததும் அவள் கால் மிதியில் பட்டது. படபடவென்று இறங்கிய ஊசி, குளிருக்குப் போட்டிருந்த ஸ்வெட்டரின் கையைத் தைத்துவிட்டது. பக்கத்திலேயே அவள் விரல்!

"கரண்ட நிப்பாட்டாம என்னாத்தங்க நோண்டுறீங்க? புள்ள வெரலு போயிருக்குமே!" என்று மனைவி கத்தினார்.

"என்னையும் ஸ்வெட்டரோட சேத்து தச்சிடப் பாத்தீங்களேப்பா!" அழுதுகொண்டே சிரித்தாள் தர்ஷினி.

சுவிட்சை அணைத்து அவளை விடுவித்தேன். பிறகு பழைய துணியை வைத்து, மறுபடி சுவிட்சைப் போட்டு, கீழ் அம்பை அழுத்தி வேகத்தை ஆகக் குறைத்தேன். மெஷின் ஒவ்வொரு தையலாக மெதுவாக நடந்தது.

இப்போதெல்லாம் ஊசியைத் தொடுமுன் பிளக்கைக் கழற்றி, எல்லாருக்கும் தெரியும்படி மேசைமேல் வைக்கிறோம். அந்தக் குறைந்த வேகத்தில் தர்ஷினியும் தைக்கப் பழகுகிறாள். நேற்று ஒரு தலையணை உறை தைத்தாள். கொஞ்சம் கோணல்தான். நான் அதில்தான் படுக்கிறேன்.